வத்தல் போடும் தேதியின் ஜாதகம்

தேதிகளுக்கும் குணம் உண்டு என்று நம்பியவன் நான். ஒரு தேதியில் ஒருமுறை மழை பெய்துவிட்டால் அந்த ருசி அதற்கு விட்டுப்போகாது, வருடா வருடம் வந்து எட்டிப் பார்க்கும், ஆள் அசந்த நேரம் பார்த்துக் கொட்டும் என்று முழு மனதோடு நம்பினேன். சின்ன வயதில் அல்ல. போன பங்குனியில். ஐம்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜராக நாலு பேருக்கு வேலை ஏவிக்கொண்டிருக்கும் நிலையில்.

இதற்கெல்லாம் காரணம் வத்தல்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கம் பார்த்த ஒரு சின்ன அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. வருடம் முழுக்க அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. டிஷ் ஆன்டெனாவும் காக்காவும்தான் குடியிருக்கும். பங்குனி பிறந்ததும் அதே மாடி ராஜ்ஜியமாகிவிடும். எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வத்தல் போட ஆசை வரும். ஒரு வருடம் இரண்டு வீட்டார் ஒரே விடிகாலையில் கூழ்ப் பானையோடு மாடியில் சந்தித்துக்கொண்டு, அதன் பிறகு சித்திரை முழுவதும் பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து முறை வைத்தாயிற்று. சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒரு நாள் என்று லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். எங்கள் வீட்டில் வத்தல் என்போம், மேல் மாடியில் வடாம் என்பார்கள். பலகையில் இரண்டு சொல்லையும் போட்டுவிடுவது வழக்கம், சமாதானத்துக்காக.

ஒரு நாள் போதும். முதல் நாள் வெயில்தான் வத்தலுக்கு உயிர். காலையில் பிழிந்தது சாயங்காலத்துக்குள் துணியிலிருந்து உரிந்து வந்துவிட்டால், மறுநாள் தட்டில் பரப்பி பால்கனியிலேயே சமாளித்துக்கொள்ளலாம். முதல் நாள் வெயில் தவறினால் கூழ் புளித்து, நிறம் மாறி, எண்ணெயில் போட்டால் பொரியாமல் கல்லு மாதிரி கிடக்கும்.

போன வருடம் எங்கள் வத்தல் சாதாரண வத்தல் இல்லை. சம்பந்தி வத்தல். மகளைத் திருவெறும்பூரில் கட்டிக்கொடுத்து முதல் வருடம். கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மா ஒரு வத்தலை எடுத்துக் கடித்து, மீதியை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: உங்க வீட்ல போடுற வத்தல் இப்படித்தான் இருக்குமா? சமையல்காரர் வாங்கி வந்த வத்தலுக்கு என் மனைவி என்ன செய்வாள்? ஆனால் அந்த ஒரு கேள்வியை அவள் மறக்கவில்லை. வெயில் வரட்டும், ஒரு பெரிய டின் நிறைய அனுப்புகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். அதன் பிறகு மகளிடம் போனில் பேசும்போதெல்லாம் மகள் ஒரு தடவையாவது நினைவுபடுத்துவாள், மாமியார் கேட்டார்கள் என்று. கேட்டார்களோ இல்லையோ, எங்கள் மகள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பதும் குனிந்து நடப்பதும் ஒரு டின் வத்தலில் இருக்கிறது என்பது வீட்டில் முடிவாகிவிட்டது.

எங்களுக்கு விழுந்தது பங்குனிக் கடைசியில் ஒரு நாள். எந்தத் தேதி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் போய்ப் பார்ப்பீர்கள், பிறகு என்னை மாதிரி ஆகிவிடுவீர்கள்.

நான் பார்த்தது கடையில், வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானத்தில். செல்போனில் வானிலை பார்க்கப் போனேன். அது இன்றைக்கு வெயில், நாளைக்கு வெயில், அதற்கு மறுநாளும் வெயில் என்று ஒரே பல்லவியைப் பாடியது. திருச்சியில் பங்குனியில் இதைச் சொல்ல ஒரு செயற்கைக்கோள் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே விரலைத் தேய்த்ததில் இன்னொரு பக்கம் திறந்தது. நம் ஊரில் ஒரு தேதியைக் கொடுத்தால், அதே தேதியில் முந்தைய வருடங்களில் எவ்வளவு வெயில், எவ்வளவு மழை என்று அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் தேதியைக் கொடுத்தேன்.

மழைக் கட்டத்தில் சைபர். அதற்குக் கீழே சைபர். மறுபடி சைபர். நான் படித்த காலத்துக் கணக்கு மார்க் மாதிரி வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. நிம்மதியாக டீ சொல்லலாம் என்று கையை உயர்த்தும்போது, எங்கேயோ கீழே, பல வருடங்களுக்கு முந்தைய ஒரு வரியில், சைபர் இல்லாத ஒரு எண் உட்கார்ந்திருந்தது. சின்ன எண்ணும் இல்லை.

உயர்த்திய கை அப்படியே நின்றது. டீக்காரர் இரண்டு டீ என்று புரிந்துகொண்டு இரண்டு கொண்டுவந்தார். இரண்டையும் குடித்தேன்.

யோசித்துப் பார்த்தால், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை. பையன் எங்கே வேலை, குடும்பம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, அத்தோடு சரி. இந்தத் தேதிக்கோ பரம்பரையே கையில் இருந்தது. அதில் ஒரே ஒரு தாத்தா தண்ணியில் மூழ்கியவர். ரத்தத்தில் இருக்கும் அல்லவா? உடனே முந்தின நாளைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை சைபர். ஒரு சொட்டு கிடையாது. நெற்றியில் விபூதி பூசி, கைகட்டி, வாய் பொத்தி நிற்கிற தேதி. சம்பந்தம் செய்துகொள்ள ஏற்ற இடம்.

பலகையில் அந்த நாள் மேல் மாடி மாமாவுடையது. மாமா ஓய்வு பெற்றவர். காலையில் கோயில், பத்து மணிக்குப் பேப்பர், பிறகு இறங்கி வந்து கட்டடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்ற மேற்பார்வை. அவரிடம் போய், ஒரு தேதிக்குக் கெட்ட பெயர் இருக்கிறது, அதை நீங்கள் வாங்கிக்கொண்டு நல்ல தேதியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? கடையில் லோடு வருகிறது, எங்கள் முறை நாளில் லீவு கிடைக்காது, நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பொய் சொல்லும்போது நான் அதிகமாக விவரம் சொல்வேன். லாரி எந்த ஊரிலிருந்து வருகிறது, டிரைவருக்கு என்ன உடம்பு என்பது வரை சொன்னேன்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு. எங்காத்து மாமிக்கு முட்டி வலி, வெயில்ல உட்கார முடியாது. நேக்குக் கோயில்ல கைங்கர்யம் இருக்கு. அன்னிக்கு எங்க வடாமுக்குக் காக்கா ஓட்ட யாரும் இல்லை."

"அதுக்கென்ன மாமா, நான் பாத்துக்கறேன்."

"லோடு வரதுன்னேளே?"

லாரியை அப்போதே பெரம்பலூரில் பஞ்சராக்கினேன். மாமா சிரிக்காமல் தலையாட்டினார். இப்படியாக ஒரு நாள் வெயிலில் உட்கார வேண்டியவன் இரண்டு நாள் உட்காரும் உரிமையைப் பெற்று இறங்கி வந்தேன். சாமர்த்தியசாலி என்ற நினைப்பு வேறு.

மனைவியிடம் தேதியை ஒருநாள் முன்னால் மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்பாள், அரிசி ஊறவைக்க நாள் வேண்டாமா என்பாள், யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்பாள் என்று மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் புதுத் தேதியை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். சரிங்க என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் வார்த்தையிலேயே அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. என் முகத்தில் ஏதோ ஒரு ஆளுமை வந்துவிட்டது என்று கண்ணாடியில் போய்ப் பார்த்தேன்.

அந்த நாள் வந்தது. விடிவதற்கு முன்பே கூழ் கொதித்தது. பச்சை மிளகாயும் சீரகமும் எலுமிச்சையுமாக வீடு மணத்தது. மாடியில் என் பழைய வேட்டிகளை நனைத்து விரித்து, நாலு மூலைக்கும் கடையில் மிஞ்சிய டைல்ஸ் துண்டுகளை வைத்தேன். அவள் கையில் ஒரு முறுக்கு உழக்கு, என் கையில் ஒன்று. அவள் பிழிந்தது பூப்பூவாக விழுந்தது. நான் பிழிந்தது, அதைப் பற்றி வேண்டாம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. தெற்கே மலைக்கோட்டை மேல் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நீங்களா ஞாபகம் வெச்சிருந்தீங்களே," என்றாள்.

எதற்காகப் பாராட்டப்படுகிறேன் என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, பாராட்டை வாங்கிக்கொள்வது என் பழக்கம். ஏதோ தோணுச்சு என்று அடக்கமாகச் சொன்னேன்.

"அன்னிக்கு மாதிரி மழை மட்டும் வராம இருந்தா சரி."

என் கையிலிருந்த உழக்கு நின்றுவிட்டது.

"என்னிக்கு மாதிரி?"

"நம்ம நிச்சயதார்த்தம் அன்னிக்கு மாதிரி. அதுக்குத்தானே இந்தத் தேதியக் கேட்டு வாங்குனீங்க?"

எங்கள் நிச்சயதார்த்தம் எடமலைப்பட்டி புதூரில் அவள் அப்பா வீட்டில் நடந்தது. தட்டு மாற்றி, பந்தி முடிகிற சாயங்கால நேரத்தில் பேய் மழை. தெருவில் போட்டிருந்த பந்தலில் தண்ணீர் தேங்கித் தொங்கி, சரியாக என் தலைக்கு மேல் கிழிந்தது. பட்டு வேட்டியோடு நான் தெப்பமாக நின்ற கதையை இத்தனை வருடமாக எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஐப்பசி மாதம் என்றுதான் ஆரம்பிப்பேன். மழை என்றால் ஐப்பசிதானே, கேட்பவன் நம்ப வேண்டாமா? சொல்லிச் சொல்லி என் நிச்சயதார்த்தத்தையே ஆறேழு மாதம் தள்ளி வைத்துவிட்டு, அதை நானே நம்பியும் விட்டேன்.

"அது ஐப்பசில்ல?" என்றேன்.

அவள் உழக்கைக் கீழே வைத்தாள்.

"பந்தியில மாங்கா பச்சடி வெச்சாங்க. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னீங்க. ஐப்பசில ஏதுங்க மாங்கா?"

மாங்காயை எதிர்த்து வாதாடச் செல்போனை எடுத்தேன். திறந்து பார்த்தேன். சைபர் இல்லாத அந்த வரி எங்கள் நிச்சயதார்த்தம் நடந்த அதே வருடம்தான். கடையில் பார்த்தபோதே அந்த வருடம் எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இரண்டு டீதான் இறங்கியது. ஆனால் மழை எழுதியிருந்தது மறுநாளில். இன்றைய தேதியில் அந்த வருடமும் சைபர்தான்.

"நீ சொல்றது ஒருநாள் தப்பு. கம்ப்யூட்டர்ல மழை மறுநாள்னு போட்டிருக்கு," என்றேன்.

"கம்ப்யூட்டர் வந்துச்சா நம்ம நிச்சயதார்த்தத்துக்கு?"

வரவில்லை. நான்தான் வந்திருந்தேன். நனைந்தவன் நான், எனக்குச் சாட்சி சொல்ல ஒரு செல்போன்.

அந்தப் பக்கத்தின் அடிவரை போனேன். எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மழையைத் தினமும் காலை எட்டரைக்கு அளப்பார்களாம். அதுவரை கடந்த ஒரு நாளில் பெய்ததெல்லாம், அளந்த அன்றைய கணக்கில் ஏறுமாம். அதாவது முந்தின சாயங்காலம் என் தலையில் கொட்டிய மழையை மறுநாள் காலையில் அளந்து மறுநாள் பெயரில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது அவர்கள் வேலை செய்கிற முறை. நான் கெட்ட பெயர் கொடுத்துத் தள்ளிவிட்ட தேதி ஒரு அப்பாவி. விபூதி பூசிக் கைகட்டி நின்றானே இன்றைய தேதி, அவன்தான் செய்துவிட்டு மறுநாள் பேரில் எழுத விட்டவன். அவன் மடியில், சம்பந்தி வத்தலைப் பரப்பிவிட்டு, நான் உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொல்லி, லாரியைப் பஞ்சராக்கி, காக்கா ஓட்டச் சம்மதித்து, வலியப் போய் வாங்கியது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒருமுறை பெய்தது என்பதற்காக இத்தனை வருடம் கழித்து இன்றைக்குப் பெய்யுமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் மனதில் அப்போது ஓடியதெல்லாம், சம்பந்தியம்மா ஒரு வத்தலைக் கடித்து மீதியை இலை ஓரத்தில் வைக்கும் காட்சிதான்.

மனைவி கீழே இறங்கியதும், காக்காவுக்குக் காவலாகக் குடையை விரித்து வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். லாரியில் டைல்ஸ் பெட்டிகளை மூடும் நீலத் தார்ப்பாயை எடுத்து, சுருட்டி, பின்சீட்டில் கட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தில் திரும்பி வந்தேன். மழைக்காலத்தில்கூட யாரும் கேட்காத அந்தப் பாயை வெயில் கொளுத்தும் காலையில் எதற்கு எடுத்துப்போகிறேன் என்று வாட்ச்மேன் கேட்டார். கல்யாணம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

மாடியில் ஒரு கையில் குடை, ஒரு கையில் காக்கா ஓட்டும் கறுப்புத் துணி, காலடியில் தார்ப்பாய். இப்படி உட்கார்ந்து வானத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. வத்தல் மேலே லேசாக ஆடை கட்டியது; உள்ளே இன்னும் ஈரம். காக்காய்கள் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தன. அவற்றுக்கு என்னிடம் பயம் போய் அனுதாபம் வந்துவிட்டது போல் இருந்தது.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால், வடக்கே, தென்னை மரங்களுக்கு மேல், அது எழுந்தது. சாம்பலும் கறுப்புமாக, அடியில் கனத்து, மேலே விரிந்து, எங்கள் பக்கமே சாய்ந்து வந்தது. இத்தனை வருடம் கழித்து அதே மழை என்னைத் தேடி வந்துவிட்டது.

நான் எழுந்த வேகத்தில் குடை பறந்தது. தார்ப்பாயை உதறி ஒரு வீச்சில் வத்தல் மேல் விரித்தேன். விரிந்தது. ஆனால் கோணலாக. ஒரு மூலையில் இருந்த வேட்டி வெளியே தெரிந்தது. அதை மூட வேண்டும் என்று பாயைப் பிடித்து இழுத்தேன். இழுத்த பிறகுதான், ஆடை மட்டும் கட்டியிருந்த வத்தல், கனத்த ஒரு தார்ப்பாயோடு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்தது. பாய் நகர்ந்தது, வத்தலும் கூட நகர்ந்தது. ஒரு வேட்டியில் பூப்பூவாக இருந்ததெல்லாம் சிமென்ட் தூசி கலந்த ஒரே பட்டையாக, சுவருக்கு அடித்த பூச்சு மாதிரி ஆகிவிட்டது.

மாமா பின்னால் நின்றிருந்தார். எப்போது ஏறி வந்தார் என்று தெரியாது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வடக்கே பார்த்தார்.

"என்ன ஓய் இது?"

"மேகம், மாமா. மழை வருது."

"அது மேகமா? கொள்ளிடத்துல நாணல் எரியறது. வருஷா வருஷம் இந்த நாள்ல எவனாவது பீடியைப் போட்டுட்டுப் போவான்." பிறகு தார்ப்பாயைக் காலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். "இதான் பெரம்பலூர்ல பஞ்சரான லாரியோடதா?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர அந்த நிலையில் எனக்கு வேறு கௌரவம் மிச்சமில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: சைபர்களை, சைபர் இல்லாததை, காலை எட்டரையை, நிச்சயதார்த்தத்தை. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், அப்போ நீர் என் தலையில கட்டப் பார்த்த நாள் நல்ல நாள்தான் என்கிறீர் என்று உறுதிசெய்துகொண்டு, நாளைக்குக் காலையில் சீக்கிரம் வந்துவிடச் சொல்லி இறங்கிப் போனார்.

மனைவி வந்தாள். புகையைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குந்தி உட்கார்ந்து, மற்ற வேட்டிகளின் மேலிருந்து பாயை ஓரம் ஓரமாக, காயத்திலிருந்து பஞ்சை எடுப்பது போல உரித்து எடுத்தாள். நல்லவேளை, இழுபட்டது ஒன்றுதான். மற்றவற்றில் அங்கங்கே தலை நசுங்கியதோடு போனது.

"அப்ப நிச்சயதார்த்தத் தேதின்னு வாங்கல," என்றாள், பாயிலிருந்து கண் எடுக்காமல்.

"இல்ல."

"தெரியும். மாங்கான்னு சொன்னப்ப முழிச்ச முழியிலயே தெரியும்."

அதற்குப் பிறகு அன்று சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. என்னை எழுந்துபோகவும் விடவில்லை. குடையைக் கையில் கொடுத்து, காக்கா ஓட்டச் சொன்னாள்.

அன்று மழை பெய்யவில்லை. மறுநாள் மாமா வீட்டு வடாமுக்கு நான் காக்கா ஓட்டினேன், அன்றும் பெய்யவில்லை. அந்தப் பங்குனி முழுக்க ஸ்ரீரங்கத்தில் ஒரு தூறல்கூட இல்லை. என் மூக்கும் கழுத்தும் வெயிலில் தோல் உரிந்தன. ஒரு வேட்டி வத்தல் குப்பைக்குப் போனது. மிச்சம் டின்னில் முக்கால் அளவு வந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திருவெறும்பூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சம்பந்தியம்மா அப்போதே எண்ணெய் காயவைத்து நாலு வத்தலை எடுத்துப் போட்டார். பொரிந்தது. ஒன்றை எடுத்து முழுவதும் தின்றார்.